சேற்றில் கிடந்த பெருங்கல்: தால்சேர் படுகையும் 'கிரவுண்ட்-ஐஸ்' என்ற சொல்லும்

1

திருவனந்தபுரம் நகரின் தாழ்ந்த பகுதிகளுள் ஒன்று தம்பானூர். 1931இல் இருப்புப்பாதை வந்து சேர்ந்த தொடர்வண்டி நிலையமும், அதற்கு எதிரே உள்ள பேருந்து நிலையமும் மழைநீர் நாடிவரும் பள்ளத்தில் அமைந்தவை. ஆமயிழஞ்சான் தோடு என்னும் நீரோடை தண்டவாளங்களுக்கு அடியில் புகுந்து செல்கிறது. பெருமழையில் அது திணறினால் சாலையில் நீர் தேங்கும். வடிகால்களை மீட்டுத் தூர்வாருவதற்கென்றே 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டம் நடத்தப்பட்டது. நீர் வடிந்தபின் தரையில் எஞ்சுவது மெல்லிய வண்டல். விரலிடையே தேய்த்தால் மாவுபோல் வழுக்கும்.

அந்த வண்டலின் நடுவே இடுப்புயரக் கருங்கல் ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் எவரும் அதை வெள்ளம் கொண்டுவந்ததாக நம்பமாட்டார். அவ்வளவு பெரிய கல்லை உருட்டும் வேகம் நீருக்கு இருந்திருந்தால் வண்டல் அங்கே படிந்திருக்காது. வண்டல் படியும் அளவுக்கு நீர் அமைதியாக இருந்திருந்தால் கல் அசைந்திருக்காது. ஓடும் நீர் தான் சுமப்பதைத் தரம் பிரிக்கும். பெரியவற்றை முதலில் விடும், மணலைப் பின்னர் விடும், களியைத் தேங்கிய இடத்தில் இறுதியாக இறக்கிவைக்கும். கல்லும் களியும் ஒரே இடத்தில் கிடந்தால், கல்லை வேறொன்று சுமந்து வந்திருக்க வேண்டும்.

இந்த எளிய தருக்கமே இந்தியப் புவியியல் வரலாற்றின் மிகத் துணிச்சலான ஊகங்களுள் ஒன்றுக்கு அடிப்படை. அந்த ஊகத்துக்கு அன்று சூட்டப்பட்ட பெயர் பின்னாளில் அதற்கே தடையாகவும் நின்றது.

2

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கியது. அதன் முதற்பணி நிலக்கரி தேடுவது. 1855இல் பணியில் சேர்ந்த வில்லியம் தாமஸ் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற சகோதரர்கள், வில்லியம் தியோபால்டுடன் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியை ஆராய அனுப்பப்பட்டனர். மூத்தவருக்கு வயது இருபத்து மூன்று, இளையவருக்கு இருபத்தொன்று. பிராமணி ஆற்றுப் பகுதியில் உள்ள இவ்விடம் ஏறத்தாழ 21 பாகை வட அட்சரேகையில், வெப்பமண்டலத்துக்குள் கிடக்கிறது. கோடையில் தரை கொதிக்கும் ஊர்.

நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே அவர்கள் கண்டது ஒரு புதிர். பசுமை கலந்த நுண்களிப் பாறை. தட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும். அதன் நடுவே கருங்கல்லும் நைஸ் பாறையுமான பெருங்கற்கள். சில கைப்பிடி அளவு, சில பல அடி குறுக்களவு. அருகில் அருவி பாய்ந்த தடம் இல்லை. பெருங்கற்களை உருட்டவல்ல ஆறு ஓடியதற்கான மணற்படுகையும் அந்தக் களியில் இல்லை. தம்பானூர் வண்டலில் கருங்கல் கிடப்பதைப் போன்ற நிலை, ஆனால் அது பாறையாக இறுகி மண்ணுக்குள் புதைந்திருந்தது.

1856இல் வெளிவந்த அறிக்கையில் அவர்கள் முன்வைத்த விடை பனிக்கட்டி. அமைதியான நீர்நிலை ஒன்றில் களி படிந்துகொண்டிருந்தது. கரையிலும் அடியிலும் உறைந்த பனிக்கட்டி கற்களைப் பற்றி மிதந்துவந்து, உருகியபோது அவற்றைக் களிக்குள் விட்டது. இச்செயலுக்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'கிரவுண்ட்-ஐஸ்'.

இந்த விடையின் துணிச்சலை உணர 1856ஆம் ஆண்டின் அறிவு நிலையை நினைவில் கொள்ள வேண்டும். ஐரோப்பாவை ஒரு காலத்தில் பனிப்பாளம் மூடியிருந்தது என்று லூயி அகாசி நூல் எழுதி அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரிட்டனின் அறிஞர்களுள் பலர் அதை முழுமையாக ஏற்கவில்லை. சிதறிக்கிடக்கும் பெருங்கற்களை மிதக்கும் பனிப்பாறைகள் கடல்வழியே கொண்டுவந்தன என்றே சார்லஸ் லையல் கருதினார். பனி ஐரோப்பாவின் அண்மைக்காலக் கதை என்ற அளவிலேயே விவாதம் நடந்தது. அச்சூழலில், நிலக்கரியைவிட முந்திய காலத்தில், வெப்பமண்டல இந்தியாவில் நீர்நிலைகள் உறைந்தன என்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள் எழுதினர். கோண்டுவானா நிலப்பகுதிகளின் பழம்பனிக் காலம் பற்றிய முதல் அறிவிப்பாக இன்று இவ்வறிக்கை கருதப்படுகிறது.

3

அவர்கள் ஏன் பனியாற்றைச் சொல்லாமல் உறைந்த நீர்நிலையைச் சொன்னார்கள்? சான்று அவ்வளவுதான் கேட்டது. கல்லைக் களிக்குள் சேர்க்க ஒரு மிதவை தேவை. அதற்கு மலையளவு பனிப்பாளம் தேவையில்லை. ஆழங்குறைந்த ஏரியின் பனிக்கட்டியே போதும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும்.

ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் நிறை ஏறத்தாழ 917 கிலோ. அதே கனஅளவு நன்னீர் 1000 கிலோ. ஆகவே பனிக்கட்டியால் தன்னோடு சேர்த்து 83 கிலோ சுமக்க இயலும். கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2650 கிலோ; நீரில் மூழ்கும்போது அதன் எடையில் 1000 கிலோ குறையும். எனவே ஒரு கன மீட்டர் பனிக்கட்டி தன் அடியில் ஏறத்தாழ 130 கிலோ கருங்கல்லைத் தொங்கவிட்டு மிதக்கலாம். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கல்லைத் தூக்குவதற்குப் பத்தரைக் கன மீட்டர் பனிக்கட்டி போதும். அதாவது ஒரு மீட்டர் கனமும், நீள அகலங்களில் மூன்றேகால் மீட்டரும் உள்ள ஒரு துண்டு. கடுங்குளிர் நாட்டு ஏரியில் இது சிறு துண்டே.

அத்தகைய ஏரிகளில் பனிக்கட்டி வண்டலின்மீது பலவகையில் செயற்படுகிறது. கரையோர ஆழமற்ற நீர் அடிவரை உறைகிறது. அடிமண்ணும் கல்லும் பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்கின்றன. வசந்தத்தில் நீர்மட்டம் உயரும்போது அந்தப் பாளம் சேற்றோடும் கல்லோடும் மேலெழுந்து, காற்றின் போக்கில் ஏரியின் நடுவுக்கு நகர்ந்து, உருகுகையில் சுமையை விடுகிறது. விழும் கல் அடியிலுள்ள மெல்லடுக்குகளை அழுத்தி வளைக்கிறது. பின்னர் படியும் அடுக்குகள் அதன்மேல் போர்வையாக மூடுகின்றன. இன்று இதனை வீழ்கல் என்று அழைக்கலாம். மற்றொரு செயல் கரையைத் தள்ளுவது. வெப்ப மாற்றத்தால் விரிந்தும் காற்றால் உந்தப்பட்டும் வரும் பனிப்பாளம் கரையிலுள்ள கல்லையும் மண்ணையும் வரப்பாகக் குவித்துவிடும். மூன்றாவது செயல் சத்தமற்றது. பனிமூடி போட்ட ஏரியில் காற்றலை எழாது. கோடையில் கலங்கி மிதந்த நுண்களி குளிர்காலம் முழுவதும் மெல்ல இறங்கிப் படியும். கோடைக்குத் தடித்த வெளிறிய அடுக்கு, குளிருக்கு மெல்லிய கருத்த அடுக்கு என ஆண்டுக்கு ஓர் இணை உருவாகும். சுவீடனில் ஜெரார்டு டி யேர் இந்த இணைகளை எண்ணியே பனிப்பாளம் பின்வாங்கிய காலத்தைக் கணக்கிட்டார். அவற்றுக்கு வழங்கும் 'வார்வ்' என்ற பெயரும் சுவீடிஷ் மொழியிலிருந்து வந்ததே.

ஆனால் 'கிரவுண்ட்-ஐஸ்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் இவற்றிலிருந்து வேறுபட்டது. 19ஆம் நூற்றாண்டில் அது நீரின் அடித்தளத்தில் உருவாகும் பனிக்கட்டியைக் குறித்தது. இன்று அதற்கு நங்கூரப் பனிக்கட்டி என்னும் பொருளுடைய பெயர் வழங்குகிறது. உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிர்ந்த நீர் கொந்தளித்து ஓடும்போது நுண்பனித் துகள்கள் அடியிலுள்ள கற்களில் ஒட்டி வளரும். போதிய அளவு சேர்ந்ததும் கல்லோடு மேலெழும். இதற்கு ஓட்டமும் கொந்தளிப்பும் வேண்டும். அமைதியான நன்னீர் 4 பாகை செல்சியசில் மிகுந்த அடர்த்தி அடைவதால், ஏரி மேலிருந்து உறையத் தொடங்கும். ஆழமான அடிப்பகுதி உறையாமல் இருக்கும். எனவே களி படியும் அளவுக்கு நீர் அமைதியாக இருந்த இடத்தில் சொல்லின் நேர்ப்பொருளிலான 'கிரவுண்ட்-ஐஸ்' உருவாவது கடினம். கற்களை அது ஆற்றிலோ கரையோரத்திலோ பற்றியிருக்கலாம். ஏரி நடுவில் அல்ல. சொல் சரியாகச் சுட்டியது குளிரை மட்டுமே. செயல்முறையை அது சற்றுத் தவறாகவே சுட்டியது.

4

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். களியில் பெருங்கல் கிடந்தாலே பனி வந்துவிட்டதா? 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவு அளவிலும் எடையிலும் மாபெரும் பாறைகளைச் சேற்றோடு சேர்த்தே இழுத்து வந்தது. அடர்ந்த சேற்றுக்குழம்பு ஓடும் நீரைப்போல் சுமையைத் தரம் பிரிப்பதில்லை. பனியே இல்லாத மண்ணிலும் கல்லும் களியும் கலந்த படிவு உருவாகும். ஆதலால் பெருங்கல் படுகை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கூறுவது இடர் நிறைந்தது. சான்று இன்னும் கூர்மையாக வேண்டியிருந்தது.

அது பதினாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1872இல் இன்றைய மகாராட்டிரத்தின் சந்திரபூர் வட்டாரத்தில், பெண்கங்கை ஆற்றுப் பகுதியிலுள்ள இரை என்னும் ஊருக்கருகே, பிரான்சிஸ் ஃபெடன் தால்சேர் படுகையை ஆராய்ந்தார். அங்கே பெருங்கற்களின் முகங்களில் இணையான கீறல்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் இருந்த பழைய சுண்ணாம்புப் பாறைத்தளம் மெருகேற்றப்பட்டு, அதன்மீதும் அதேபோன்ற கீறல்கள் இருந்தன. சேற்றுக்குழம்பு கல்லைக் கொண்டுவரலாம். விரிந்த பாறைத்தளத்தை மெருகிட்டு ஒரே திசையில் வரிகள் இழுத்துவைப்பது அதன் இயல்பன்று. அடியில் கற்களைப் பதித்துக்கொண்டு பெரும் எடையோடு நகரும் பனிக்கட்டியே அதைச் செய்யும்.

இவ்வளவு வலிமையான சான்றைக் கையில் வைத்திருந்த ஃபெடன் 1875இல் தம் குறிப்பை வெளியிட்டபோது சூட்டிய தலைப்பு, தால்சேர் காலத்தில் வெப்பமண்டல இந்தியாவில் 'கிரவுண்ட்-ஐஸ்' இருந்ததற்கான சான்று பற்றியது. பழைய சொல்லே திரும்பவும் வந்தது. பாறைத்தளம் பனியாற்றைச் சுட்டியது. தலைப்போ உறைந்த நீர்நிலையையே சுட்டியது. சான்று வளர்ந்த வேகத்துக்குச் சொல் வளரவில்லை.

இதை ஃபெடனின் குறை என்று கொள்வது பொருந்தாது. ஒரு துறையில் முதலில் வழங்கிய பெயர், அடுத்து வருவோர் கேட்கும் கேள்வியின் எல்லையையும் வகுத்துவிடுகிறது. உறைந்த ஏரி என்றால் 'எந்த ஏரி, எவ்வளவு குளிர்' என்று கேட்கலாம். பனியாறு என்றால் 'எந்த மலையிலிருந்து, எந்தத் திசையில், ஏன் இந்த அட்சரேகையில்' என்று கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவது கேள்விக்கு அன்றைய உலகப்படத்தில் விடை இல்லை.

5

அந்தக் கேள்வியை மற்றத் தென்னிலங்களும் எழுப்பத் தொடங்கியிருந்தன. 1859இல் ஆல்ஃபிரட் செல்வின் தெற்கு ஆஸ்திரேலியாவின் இன்மன் பள்ளத்தாக்கில் பனியாறு தேய்த்த பாறையை அறிவித்தார். தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் டுவைக்கா பெருங்கல் படுகை பனியால் ஆனது என்று பீட்டர் சதர்லாந்து எழுதினார். தால்சேர் அறிக்கையின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, 1875இல் இந்தியத் தாவரப் புதைபடிவ அடுக்குகளை ஆப்பிரிக்க அடுக்குகளோடு ஒப்பிட்டு, இரண்டையும் இணைத்த ஒரு பழைய நிலப்பரப்பு இந்தியப் பெருங்கடலில் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். தமிழ்நாட்டுப் புவியியல் மாணவர்க்கு இவர் வேறுவகையில் அறிமுகமானவர். திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியப் பாறைகளைப் பற்றிய 1862ஆம் ஆண்டு அறிக்கை இவருடையதே.

தால்சேர் முதலான அடுக்குகளுக்குக் 'கோண்டுவானா' என்ற பொதுப்பெயரை ஹென்றி மெட்லிகாட் 1872இல் முன்மொழிந்தார். கோண்டு மக்களின் நாட்டைக் குறித்த பெயர் அது. அம்மக்கள் பேசும் கோண்டி மொழி தமிழோடு உறவுடைய திராவிட மொழி. 1885இல் எடுவர்டு சூஸ் அப்பெயரை ஒரு முழுப் பழங்கண்டத்துக்கு வழங்கினார். நடு இந்தியாவின் ஒரு மக்கட்குழுவின் பெயர் இன்று அண்டார்டிகாவின் பாறைக்கும் வழங்கிவருகிறது.

வெப்பமண்டலத்தில் பனி என்பதற்கு எளிதாகக் கைக்கெட்டும் விடை உயரம். அன்று தால்சேர் திபெத்தைப்போல் உயர்ந்திருந்தால் போதும். ஆனால் மரைன் புதைபடிவங்கள் அந்த விடையை வலுவிழக்கச் செய்தன. மத்தியப் பிரதேசத்தின் உமரியா, சத்தீஸ்கரின் மனேந்திரகர் ஆகிய இடங்களில் இவ்வடுக்குகளை ஒட்டிக் கடல்வாழ் சிப்பிகளின் எச்சங்கள் கிடைத்தன. பனியும் கடலும் அருகருகே இருந்தன என்றால், நிலம் வானுயர நின்றிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உயரத்தை விட்டால் எஞ்சுவது இடம். 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டப் பெயர்ச்சியை முன்வைத்தபோது, இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகியவற்றின் பழம்பனித் தடயங்கள் அவருடைய வலுவான சான்றுகளுள் ஒன்றாயின. அந்நிலங்களைத் தென்முனையைச் சூழ ஒன்றாக அடுக்கினால் சிதறிக்கிடந்த பனித்தடங்கள் ஒரே பரப்பில் சேர்ந்துவிடுகின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தால்சேர் குளிர்ந்த தென் அட்சரேகைகளில் இருந்தது. குளிர் இந்தியாவுக்கு வரவில்லை. குளிர்ந்த இடத்தில் இந்தியா இருந்தது.

6

பனியாறு வென்றது, ஏரி தோற்றது என்று கதையை முடித்துவிடலாம். தால்சேர் படுகை அதற்கு இடம் தரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் படிவியல் வளர்ந்தபோது, 'தால்சேர்' என்ற ஒற்றைப் பெயருக்குள் பலவகைப் படிவுகள் அடங்கியிருப்பது தெளிவாயிற்று. பனியாறு நேரடியாக விட்டுச்சென்ற கலவை ஒருபுறம். அது உருகி ஓடிய ஆறுகளின் மணல் ஒருபுறம். பனியின் ஓரத்தில் தேங்கிய ஏரிகளின் நுண்களி ஒருபுறம். சில இடங்களில் கடற்படிவு. பெருங்கற்கள் கிடந்த பல களிகள் முன்பே பனியாறு விட்டவை, பின்னர் சரிந்து நகர்ந்து மறுபடி படிந்தவை. ஊசிக் களிப்பாறையின் மெல்லடுக்குகளிலும், அவற்றை வளைத்துக் கிடக்கும் வீழ்கற்களிலும் அமைதியான நீர்நிலையும் மிதந்த பனியும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 1856இல் ஊகித்த உறைந்த நீர்நிலை பொய்யாகவில்லை. அது பெரிய படத்தின் ஒரு பகுதியாகத் தன் இடத்தைப் பெற்றது.

அந்த இளைஞர்கள் செய்த ஒரே பிழை, பகுதியை முழுமைக்குப் பெயராக்கியது. அவர்களின் பலமும் அதே இடத்தில்தான் இருந்தது. களி எவ்வளவு சொல்லியதோ அவ்வளவுக்கே உரிமை கோரினர். பனிப்பாளத்தை அறிவித்திருந்தால் மெருகேறிய பாறைத்தளம் இல்லாத நிலையில் அது வெறும் ஆரவாரமாகப் போயிருக்கும்.

7

இன்று ஃபெடனின் 1875ஆம் ஆண்டுத் தலைப்பைப் படிக்கும் மாணவருக்கு வேறொரு இடர் காத்திருக்கிறது. 'கிரவுண்ட்-ஐஸ்' என்பது தற்காலத்தில் நிலத்துக்குள், நிலைத்து உறைந்த மண்ணில் இருக்கும் பனிக்கட்டியைக் குறிக்கிறது. சைபீரியாவையும் அலாஸ்காவையும் பற்றிய ஆய்வுகளில் அதுவே பொருள். பொருள் மாற்றத்தை அறியாதவர், ஃபெடன் வெப்பமண்டல இந்தியாவில் உறைந்த நிலத்தைக் கண்டார் என்று எழுதிவிடக்கூடும். எழுத்து மாறாமல் பொருள் மட்டும் மாறிய சொல், எழுத்தே மாறிய சொல்லைவிட ஆபத்தானது. முன்னது எச்சரிக்கை எதுவும் தராது. பழைய அறிவியல் அறிக்கையைப் படிப்போர்க்குப் பாறையைப் படிக்கும் பயிற்சியோடு சொற்பொருள் வரலாற்றின் பயிற்சியும் தேவைப்படுவது இதனால்தான்.

தமிழில் இத்துறையை எழுத முனைவோர்க்கு இந்தத் தேவை இரட்டிப்பாகிறது. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் மார்கழிக் காலையின் ஈரத்தையும், மூடுபனியையும், வானிலிருந்து பொழியும் வெண்பனியையும், இறுகிய கட்டியையும் குறிக்கிறது. மலையாளத்திலோ 'பனி' என்றால் முதலில் காய்ச்சல். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் தமக்குப் பனி என்று சொன்னால் கேட்பவர் மருந்துக்கடையைக் காட்டுவார். பழந்தமிழில் பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. குளிருக்கும் காய்ச்சலுக்கும் இடையே அந்த நடுக்கமே பாலமாகத் தோன்றுகிறது. மொழி வரலாற்றுக்கு இது செல்வம். படிவியலுக்கோ, ஏரியின் மேல்மூடியையும் அடியில் ஒட்டிய கட்டியையும் நகரும் பனியாற்றையும் ஒரே சொல்லால் சுட்டினால், 1856இன் குழப்பம் மறுபடியும் தமிழில் பிறக்கும். ஏரிமேற்பனி, அடிப்பனி, பனியாறு, நிலவுறைபனி எனத் தனித்தனியே வழங்குவது நல்லது. எந்தச் சொல் நிலைத்தாலும், எது எதைக் குறிக்கிறது என்பதை முதற்பக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும்.

கதைக்கு இன்றும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2012இல் இந்தியா கிழக்கு அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில் 'பாரதி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. அங்கே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நன்னீர் ஏரிகள் உள்ளன. பல ஆழமற்றவை, ஆண்டின் பெரும்பகுதி உறைந்திருப்பவை. அவற்றின் அடிவண்டலில் பழங்காலநிலையின் தடயங்கள் தேடப்படுகின்றன. அவ்விடத்துக்கு அருகேயுள்ள லாம்பர்ட் பிளவுப் பள்ளத்தாக்கும், தால்சேரை உள்ளடக்கிய மகாநதிப் பள்ளத்தாக்கும் கோண்டுவானா பிரிவதற்கு முன் ஒன்றையொன்று தொடர்ந்திருந்தன என்பது புவியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. தால்சேரின் இறுகிய களியில் வாசித்ததை, அதன் பழைய அண்டை நிலத்தில் இன்னும் ஈரமாக இருக்கும் களியில் வாசிக்க முடிகிறது.

ஹென்றி பிளான்ஃபோர்டு பனியை விட்டு விலகவும் இல்லை. 1875இல் அவர் இந்திய அரசின் வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்றார். இமயத்தில் பனி மிகுதியாகச் சேரும் ஆண்டில் பருவமழை குன்றக்கூடும் என்று 1884இல் எழுதினார். 1886இல் வெளியான முதல் அதிகாரப்பூர்வ பருவமழை முன்கணிப்புக்கு அந்தத் தொடர்பே அடிப்படையாயிற்று. இருபத்தொரு வயதில் வெப்பமண்டலக் களியில் பழைய பனியைக் கண்டவர், ஐம்பது வயதில் எங்கோ கிடக்கும் பனியில் வரப்போகும் மழையைத் தேடினார். ஆண்டுதோறும் அம்மழை முதலில் இறங்குவது கேரளக் கரையில். அது தம்பானூரில் தேங்கி வடியும்போது நுண்களியை மட்டும் விட்டுச் செல்கிறது, கல் எதையும் கொண்டுவருவதில்லை. பனியில்லாத நாட்டின் நீர் எப்படிப் படிகிறது என்பதற்கு அந்த வண்டல் ஒரு பாடம். தால்சேரின் பெருங்கல் எவ்வளவு அந்நியமானது என்பதை அதன் அருகில் வைத்தே அளக்க முடியும்.